கட்டி உள்ள நாய்களைக் கொண்டுவரவும்

எழுபதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். ஒருநாள் ஆபீசுக்கு மிருக வைத்தியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நாய்களுக்கு வரும் புற்றுநோய்க்குப் புதிய ஊசி மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். உடம்பில் கட்டி உள்ள நாய் இருந்து, வளர்ப்பவர்களும் சம்மதித்தால், வாராவாரம் வந்து ஊசி போடுவார்களாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தோட்டத்து நாய்க்கும் ஆராய்ச்சியில் ஓர் இடமா!

தமிழில் நான் புலி என்று எனக்கொரு நினைப்பு. "கட்டி உள்ள நாய்களைக் கொண்டுவரவும்" என்று ஒரே வரியில் எழுதி, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில் வாசிக்கச் சொல்லிக் கங்காணியிடம் கொடுத்தேன். அது தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சேர்வதற்குள், "நாயைக் கட்டிக் கொண்டுவாங்க" என்று ஆகிவிட்டது.

வைத்தியர் வந்து இறங்கிய அன்று ஆபீஸ் முற்றம் முழுக்க நாய்கள். கயிற்றில் பாதி, பழைய சேலைக் கிழிசலில் பாதி. அவை போட்ட சத்தத்தில் தோட்டத்தை நடத்தும் துரை ஜன்னலைச் சாத்திக்கொண்டார். விசர்நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி என்று நினைத்து எல்லோரும் வந்திருந்தார்கள். வைத்தியர் பொறுமையாக ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். ஒன்றுக்கும் கட்டி இல்லை. என் மானம் கப்பலேறியது.

அப்போதுதான் ஒருவர் சொன்னார், கீழ் லயத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் நாய்க்குத் தொடையில் எலுமிச்சங்காய் அளவு கட்டி இருக்கிறது என்று. நோய் பிடித்த நாயைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னால் கொல்லத்தான் என்று பயந்து, அவர் அதை ஒளித்து வைத்திருந்தாராம். வைத்தியர் பின்னேர ரயிலைப் பிடிக்க வேண்டும். அவரையும் இழுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினேன். வழியில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன்.

அந்த அக்கா தன் லயத்து அறையான காம்பராவின் கதவை அடைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே நாய் முனகியது. நான் என் எழுத்தால் வந்த வினையை விளக்கி, மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊசி போட்டா கறுப்பன் பொழைச்சிருமாங்கய்யா?"

வைத்தியருக்குத் தமிழ் வராது, நான்தான் நடுவில். தெரியாது, கட்டி கரையலாம், கரையாமலும் போகலாம், வாந்தி எடுக்கலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார் அவர். பிழைத்துவிடும் என்று மாற்றிச் சொல்லிவிட நாக்கு துடித்தது. எப்படியோ அடக்கிக்கொண்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அக்கா வைத்தியரின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியலைன்னு சொல்றாரே. கொல்ல வந்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. போடச் சொல்லுங்க" என்று கதவைத் திறந்தார்.

நான்காவது வாரம் கட்டி நெல்லிக்காய் அளவானது. பிறகு தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. அன்று லயத்து வாசலில் நான் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செய்தி பரவி, தள்ளியிருக்கும் பூனாகலையிலிருந்துகூட நாய் வளர்ப்பவர்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்காக வைத்தியருக்குக் கடிதம் எழுதுவதே எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. எல்லா நாயும் பிழைக்கவில்லை. அதையும் வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அன்று ஆசைப்பட்டு ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்காது.