பதினோரு வருடச் சேறு

எங்கள் தெருச் சாக்கடையைப் பதினோரு வருடமாகச் சுத்தம் செய்பவர் சின்னக்கா. அள்ளிய சேற்றை அவர் ஓரமாகக் குவிப்பார். ஏற்றிப்போக வேண்டிய வண்டி வராது. சுகாதார அலுவலகத்தில் கேட்டால் "வண்டி ரிப்பேர்" என்பார்கள். அடுத்த மழையில் அத்தனை சேறும் மறுபடி சாக்கடைக்குள் போய்விடும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் திட்டுவது சின்னக்காவைத்தான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள் நாங்கள்!

போன வாரம் சுகாதார அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "வாங்குற சம்பளத்துக்கு ஒழுங்கா அள்ளமாட்டியா?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் சின்னக்கா, அள்ளிய சேற்றைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் அவருடைய அலுவலக வாசலிலேயே கொட்டினார்.

"என்னம்மா இது?" என்று அலறினார் அதிகாரி.

"ஒழுங்கா அள்ளியிருக்கேன் சார், பாத்துக்கோங்க."

பதினோரு வருடமாக ரிப்பேரில் கிடந்த வண்டி பத்தே நிமிடத்தில் வந்து நின்றது. சின்னக்கா இப்போது தினமும் அங்கேதான் கொட்டுகிறார்.