வால் மட்டும் தெரிகிற மீன்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பது வயதுக்கு மேல் கடல் பைத்தியம் பிடித்தது. வாரம் முழுவதும் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். மேலேயும் கீழேயும் போவதுதான் மாப்பிள்ளையின் தலையெழுத்து என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

முக்குளிப்பதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. நனையாத உறை போட்ட பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தது. அன்றிலிருந்து கண்ட மீனையெல்லாம் துரத்தினார். அவை ஓடின. அவர் பொத்தானை அழுத்துவதற்குள் படத்தில் மிஞ்சுவது வால்தான். அதைச் சுற்றி நீல மூட்டம், மூட்டத்தின்மேல் மாவு சலித்துக் கொட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

ஆனாலும் பாராட்டுக்குக் குறைவில்லை. வீட்டில் மனைவி "நல்லா இருக்கு" என்பாள். முக்குளிப்போர் சங்கம் மாதம் ஒருமுறை சைக்கிள் கடை மாடியில் கூடி, எல்லார் படங்களையும் திரையில் போட்டுப் பார்க்கும். அங்கே "அருமை" என்பதைத் தவிர வேறு சொல் புழக்கத்தில் இல்லை. இன்று நீ என்னைத் தூக்கிவிடு, நாளை நான் உன்னைத் தூக்கிவிடுகிறேன் என்ற ஏற்பாடு.

அந்தச் சங்கத்தில் புதிதாக வந்து சேர்ந்தார் பல்செட் அக்கா. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மயிரிழை பிசகினாலும் ஈறில் குத்துகிற சமாச்சாரம் என்பதால், பூசி மெழுகுகிற பழக்கம் அவரிடம் இல்லை. மெக்கானிக்கின் படம் திரையில் விழுந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மீன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனப்புறம் எடுத்திருக்கீங்க," என்றார்.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. மெக்கானிக் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மனைவியைக் கேட்டார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க தண்ணிக்குள்ள போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. முழுசா வந்து நிக்கிறீங்களேன்னுதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். மீனை யார் பார்த்தா?"

அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் வெட்கத்தை விட்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா அவருடைய படங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். நிறம் பிடிக்கத் தெரிகிறது, கை நடுங்கவில்லை என்று முதலில் நல்லதைச் சொன்னார். அப்புறம், ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதால்தான் தண்ணீரிலுள்ள தூசியெல்லாம் மின்னுகிறது, பக்கவாட்டில் தள்ளி வையுங்கள் என்றார். மேலேயிருந்து எடுக்காமல் மீனின் கண்ணுக்கு நேராக இறங்கச் சொன்னார்.

"முக்கியமா, துரத்தாதீங்க. நீங்க அதுங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி, போலீஸ் இல்ல."

மெக்கானிக் வீட்டில் ஒத்திகை தொடங்கினார். டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியாரைத்தான் மீனாக வைத்துக்கொண்டார். கேமராவோடு தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, பல்லி மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். மாமியார் காலை மடக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிச்சிருக்கு போல. தைலம் எடுத்துட்டு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலடியில் ஒரு பாறைப் பொந்துக்கு எதிரே மணலில் படுத்துவிட்டார். பொந்துக்குள் விரல் நீள மீன் ஒன்று குடியிருந்தது. தலையை நீட்டும், இவரைக் கண்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர் அசையவில்லை. குளிர் எலும்பில் ஏறியது. நண்டு ஒன்று முழங்கை மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. கடைசியில் மீனுக்கே பொறுக்கவில்லை. யாரடா இது என்று கேட்பதுபோல முழு முகத்தையும் நீட்டியது. அப்போது அழுத்தினார்.

திரையில் அந்த முகம் வந்ததும் மாடி முழுக்கச் சிரிப்பு. தூக்கத்தில் எழுப்பப்பட்ட வாட்ச்மேன் மாதிரி ஒரு கடுகடுப்பு அதற்கு. யாரும் "அருமை" சொல்லவில்லை. இடது ஓரம் இடிக்கிறது என்றார் ஒருவர். கீழே அந்தக் கல்லை வெட்டிவிடலாம் என்றார் இன்னொருவர். கல் இருக்கட்டும், அதுதான் வாசற்படி என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. படத்தை இத்தனை பேர் இத்தனை நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் தெம்பில்தான் அக்காவின் படங்களைப் பற்றியும் வாயைத் திறந்தார். எல்லா மீனும் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி விறைத்து நடுவிலேயே நிற்கிறது, கொஞ்சம் நீந்த விடுங்கள் என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு ஆளைக் காணோம்.

மெக்கானிக்குக்கு மனசு கேட்காமல் அக்காவின் பட்டறைக்கே போனார். மேசை முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அக்கா நிமிராமல் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது வழவழப்பான பிறகு, காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

"எந்தெந்தப் படம்னு காட்டுங்க. சும்மா மொத்தமா சொல்லிட்டுப் போகக் கூடாது."