சந்திரனில் ஒரு பாஸ் அலுவலகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் பெடியளின், அதாவது இயக்கத்தின், அலுவலகத்தில் பாஸ் எடுக்கவேண்டும். அக்காலத்தில் பருத்தித்துறையிலிருந்து ஒரு மாத சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. அச்சுத் தாள் வருவதில்லை. கோடு போட்ட கொப்பித் தாளிலேயே அச்சடித்தார்கள். அதற்கு நான் ஒரு விஞ்ஞானக் கதை எழுதிக் கொடுத்தேன்.

சந்திரனில் ஒரு குடியேற்றம். அங்கே ஆறு ஆண்டுகள் ஆயுதம் ஏந்திக் காவல் நின்றவர்களே பிரசைகள். வாக்கு அவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் வெறும் வசிப்போர். உழைக்கலாம், பிள்ளை பெறலாம். வெளியே போவதற்கு மட்டும் ஒரு பிரசையிடம் அனுமதித் துண்டு வாங்கவேண்டும். காவல் நின்றவனுக்குத்தான் ஊர் சொந்தமா என்று யோசித்துப் பார்க்க விரும்பினேன். பூமியில் யோசிக்கத் துணிவில்லை, சந்திரனுக்குப் போனேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியார், முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுபவன். துண்டு கொடுக்கும் அறையை விவரிப்பதற்கு, வவுனியாவில் அண்ணையின் செத்தவீட்டுக்குப் போகப் பாஸ் எடுத்த நாளின் குறிப்பைப் புரட்டினேன். கால் முறிந்து நீல நைலோன் கயிற்றால் கட்டிய கதிரை, யன்னலோரம் நகம் கடிக்கும் காவல்காரன், எல்லாம் அப்படியே கதைக்குள் போய்விட்டன. அச்சுப்படியில் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பெடியளின் அறை அப்படியே கதைக்குள் வந்துவிட்டதைக் காணவில்லை.

சஞ்சிகை திங்கட்கிழமை வெளிவந்தது. வியாழக்கிழமை என் மனைவியின் மார்பிலிருந்த கட்டியைப் பார்த்த டொக்டர், சுணங்காமல் கொழும்பில் ஒப்பரேசன் செய்யவேண்டும் என்று கடிதம் தந்தார். ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் அந்தக் கதிரை நினைவுக்கு வந்தது. பாஸ் கேட்க அதே அறைக்குத்தான் போகவேண்டும்.

மறுநாள் காலை எங்கள் இருவருக்கும் பாஸ் கேட்டுப் போனேன். பொறுப்பாளனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மேசையில் சஞ்சிகை கிடந்தது.

"இருங்கோ மாஸ்டர். கட்டின கால்தான், விழாது."

இருந்தேன். குடையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சந்திரனிலை நீல நைலோன் கயிறு கிடைக்குதோ? இஞ்சை ஒரு முழம் எடுக்க நாங்கள் படுற பாடு."

யன்னலோரம் நின்றவன் சிரித்தான்.

"அது சும்மா கற்பனை, தம்பி."

"ஓம், கற்பனைதான். ஒண்டு சொல்லுங்கோ மாஸ்டர். ஒருத்தன் ஆறு வருசம் வெளியிலை நிண்டு சாகிறான். உள்ளை நித்திரை கொண்டவருக்கும் அவனுக்கும் ஒரே உரிமையோ?"

அதற்கு விடையாக, ஒரே உரிமைதான் என்று கதையில் ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தேன்.

"இல்லைத் தம்பி," என்றேன்.

அவன் டொக்டரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"அம்மா போகட்டும். நீங்கள் பிணைக்கு நில்லுங்கோ. அவ வருமட்டும் கிழமைக்கு ஒருக்கா வந்து கையெழுத்து வையுங்கோ. ஆறுதலாக் கதைப்பம்."

வீட்டில் மனைவி சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டுந்தான் பாஸ் என்றேன்.

"சரி. பக்கத்து வீட்டு அக்காவும் போறா, அவவோடை போறன். உங்களை என்ன கேட்டவை?"

"கதையைப் பற்றி."

"என்ன சொன்னியள்?"

சொன்னேன். நான் எழுதிய பக்கத்தை முதலில் வாசித்தவள் அவள்தான். கையிலிருந்த சீலையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"கேக்கிற நேரமெல்லாம் உந்த 'இல்லை'யையே சொல்லுங்கோ. நான் திரும்பி வரேக்கை நீங்கள் வீட்டிலை இருக்கவேணும்."