முதல் பிடி

சம்பளம் வந்ததும் என் மனைவி செய்யும் முதல் வேலை, பத்தில் ஒரு பங்கை எடுத்துச் சபையில் தந்த கவரில் போட்டு வேதப்புத்தகத்துக்குள் வைப்பது. ஜாதவ்பூர் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கிடர்பூரில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் எனக்குக் கிளார்க் வேலை. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் மீன் வாசனைகூட வராது.

தசமபாகம் போதாதென்று பிடியரிசி வேறு. சோறு வைக்கும்போதெல்லாம், அரிசியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு பிடி அள்ளிப் பழைய பிஸ்கட் டின்னில் போடுவாள். மாதத்தின் முதல் ஞாயிறு, தமிழ்ச் சபையில் பெண்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவார்கள். இல்லாத வீடுகளுக்கு அது போகும்.

"இல்லாத வீடு நம்ம வீடுதான். சாக்க நேரா இங்க அனுப்பச் சொல்லு" என்பேன்.

"ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்று சிரிப்பாள். இத்தனை வருடக் கல்கத்தாவிலும் அவளுடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

அவளுக்கு நோய் கண்டபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மருந்துக்கடையில் நின்று, பாதி மாத்திரை மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறவன் பத்தில் ஒன்றை எங்கிருந்து கொடுப்பான்? அவளோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "எடுத்து வச்சிட்டியளா?" என்று கேட்டாள்.

"ஆண்டவருக்கு வாடகை உண்டா, ஊசி மருந்து உண்டா? நமக்கு இருக்கு."

"அவர நம்பித்தான இருக்கோம்."

அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். அவள் பிழைத்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கொடுத்தேன். தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த வாரத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சு நின்றுபோனது. கவர் காலியாகவே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளைச் சபை வாசலில் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாடுவது அங்கே கேட்கும். அழுகைதான் வரும்.

ஒரு சாயங்காலம் அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டுக் குழாயைத் திறக்கப் போனேன். மகள் ஓடிவந்து கையை விட்டு அள்ளினாள். ஒரு பிடியோடு நிறுத்தவில்லை. அவளுடைய பாவாடை மடியில் குவித்துக்கொண்டே போனாள்.

"போடு அத! நமக்கே காணாது. கொடுத்துக் கொடுத்து என்ன கண்டோம்?" என்று கத்தினேன்.

அவள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இன்னும் மூணு பேருக்குத்தான் அளக்கறீங்கப்பா. டெய்லி சோறு மிஞ்சுது. நான் அம்மாவோடதத்தான் எடுத்தேன்."

பிஸ்கட் டின்னின் மூடி துருவேறி இறுகியிருந்தது. அவளால் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.