வலம்னா இறுக்கு

என் மனைவி பட்டாளத்தில் சேரப் போகிறாள் என்று சொன்னால் யாரும் அவளைப் பற்றிக் கேட்பதில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார்கள். வீட்டில் சண்டையா, குடிப்பேனா, கை நீட்டுவேனா என்கிற கேள்வியெல்லாம் அந்தப் பார்வையிலேயே இருக்கும். நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். அடுத்தவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். மேலேயிருந்து யார் எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவள் ஏன் போகிறாள் என்று கேட்டால், சத்தியமாக எனக்கும் தெரியவில்லை.

அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். தெருவில் எல்லாருக்கும் டீச்சர், அதனால் எனக்கும் டீச்சர். எங்கள் மகள் பத்தாவது படிக்கிறாள், அவளுக்குக் கோபம் வந்தால் அவளும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். படைக்கு ஆள் போதவில்லை என்று வயது வரம்பைத் தளர்த்தியிருந்தார்கள். அப்படித் தளர்த்தியும் முப்பத்தொன்பதைத் தொட்டுவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். டீச்சருக்கு அது அடுத்த மாதம். அதாவது, இந்தத் தடவை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடையாது.

இதை அவள் சொன்ன விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நாளைக்கு என் நீலச் சட்டையை அயர்ன் பண்ணணும்" என்று சொல்கிற அதே குரலில், "நான் பட்டாளத்துக்குப் பேர் குடுத்திருக்கேன்" என்றாள். மகள் வாயில் வைத்ததை மெல்லவில்லை. நான் பாட்டுக்கு, "சரி, திரும்பி வர எத்தனை மணி ஆகும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் அண்ணன் வந்து, வாசலில் மாடிப்படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மச்சான் துணிக்கடை வைத்திருக்கிறார், எதையும் விரித்துப் போட்டுத்தான் பேசுவார்.

"மாப்ளே, நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம்ல?"

"சொல்லலாம் மச்சான். எந்த வார்த்தைன்னுதான் தெரியல."

"இந்த வயசுல துப்பாக்கி தூக்கி என்ன பண்ணப் போறா? நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு மூக்கு துடைச்சு விட்டவ."

டீச்சர் உள்ளேயிருந்து வந்தாள். கையில் மகளின் பழைய புத்தகப் பை. அதில் ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்துபோன பாடப் புத்தகங்களையெல்லாம் அடைத்திருந்தாள். முதுகில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்தாள். எங்கள் குடியிருப்பில் நாலு மாடி. மச்சான் காபி குடித்து முடிப்பதற்குள் அவள் எங்களைப் பல தடவை கடந்து போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் அவள் அடுத்த மாடிக்குப் போயிருந்தாள். கடைசியில் அவரே எழுந்து போய்விட்டார்.

நான் அன்றைக்கு நேராகவே கேட்டேன். "என்ன குறை வச்சேன், சொல்லு."

"உங்க மேல ஒண்ணும் இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

அவள் மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்தாள். "காலையில எந்திரிச்சதிலேருந்து நான்தான் எல்லாருக்கும் சொல்றேன். எந்திரி, பல்லு தேய், வரிசையில நில்லு, கையைக் கழுவு, வாயை மூடு. ஸ்கூல்லயும் அதான், வீட்லயும் அதான். ஒரு தடவையாவது யாராவது எனக்குச் சொல்லணும். நில்லுன்னா நிப்பேன், ஓடுன்னா ஓடுவேன். அடுத்து என்னன்னு நான் யோசிக்கவே கூடாது."

"இதுக்குப் பட்டாளமா? நான் சொல்றேனே."

"சொல்லுங்க பார்ப்போம்."

நான் யோசித்தேன். "போய் எனக்கு ஒரு டீ போடு" என்றேன்.

"சரி. சர்க்கரை எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும், என் வீட்டுச் சர்க்கரை எங்கே என்று தெரியாது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. புது பூட்ஸ் கடிக்காமல் இருக்க, இரண்டு சாக்ஸ் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து எங்கள் தரையைப் பார்த்துவிட்டுப் போனார். கட்டில் விரிப்பையும் போர்வையையும் பயிற்சி முகாமில் எப்படி மடிக்க வேண்டுமோ அப்படி இழுத்துச் செருகினாள். நான் போர்வைக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே படுத்துக் குளிரில் கிடந்தேன். முடியை வெட்டிக்கொண்டு வந்த அன்று மகள் கதவைத் திறந்துவிட்டு, "யாரு வேணும்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு அறைக்குள் போய் அழுதாள். எனக்கு இதில் யார் பக்கம் நிற்பது என்று புரியவில்லை. டீச்சர் தோற்க வேண்டும் என்று ஒரு நேரம் நினைப்பேன். தண்டால் எடுக்கும்போது கீழே விழுந்தால், பதறி ஓடிப்போய்த் தூக்குவேன்.

சனிக்கிழமைதோறும் நகராட்சி மைதானத்தில் முன்பயிற்சி. அதை முடித்துத் தேறினால்தான் நிஜப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவார்கள். பயிற்சி கொடுக்கிறவர் ஓய்வு பெற்ற படைக்காரர். பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால் எல்லாரும் விசில்காரர் என்றார்கள். சேர்ந்தவர்கள் எல்லாரும் இருபது வயசுப் பிள்ளைகள், டீச்சரை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் அவள் கடைசி, ஆனால் நிற்கவில்லை. தண்டாலும் ஒருவழியாக வந்துவிட்டது. வராமல் போனது, நம்பினால் நம்புங்கள், வலதும் இடதும்.

விசில்காரர் வரிசைக்கு எதிரே நின்று, "வலப்பக்கம் திரும்பு" என்பார். மொத்த வரிசையும் வலப்பக்கம் திரும்பும். டீச்சர் மட்டும் இடப்பக்கம். அடுத்த பெண்ணின் முகத்தோடு முகம் மோதி நிற்பாள். ஒரு தடவை அந்தப் பெண்ணுக்கு மூக்கில் ரத்தமே வந்துவிட்டது. டீச்சர் பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து, "அண்ணாந்து பார்க்காதே கண்ணு, முன்னால குனிஞ்சுக்க" என்று மூக்கைப் பிடித்துவிட, விசில்காரருக்கு ஊதவும் தோன்றவில்லை.

"இதப் பாருங்கம்மா," என்று அவர் கடைசியில் சொன்னார். "ஓட்டம் மெதுவா இருந்தா நான் கண்டுக்க மாட்டேன். வரிசையில ஒருத்தர் தப்பாத் திரும்பினா அடுத்த ஆளுக்கு அடி. வர்ற சனிக்கிழமை தேர்வு. அப்பவும் இப்படின்னா நான் அனுப்ப மாட்டேன்."

மைதான வேலிக்கு வெளியே நின்று நான் இதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது, "எனக்கு வலது இடது தெரியாதாங்க?" என்று கேட்டாள். பதினாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவள். கேள்வியில் கோபமே இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவள் தப்பாகத் திரும்பவே இல்லை. நான் சமையலறையிலிருந்து "வலப்பக்கம்" என்று கத்தினால், கூடத்தில் சரியாகத் திரும்பினாள். "இடப்பக்கம்" என்றாலும் சரி. மகள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மைதானம்தான் ஒத்துக்கல" என்றாள். சரி, இன்னும் நாலு தடவை பார்ப்போம் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அவள் எதிரே நின்றேன். "வலப்பக்கம்." அவள் இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி சொன்னேன், மறுபடி தப்பு. அவள் பின்னால் போய் நின்று சொன்னேன், சரி. எனக்குத் தலை சுற்றியது.

பிறகுதான் உறைத்தது. எங்கள் வேலையில் இப்படி ஒன்று உண்டு. தொட்டிக்கு மேலே நின்றபடி, கையை மட்டும் அடியில் விட்டு நட்டைத் திருகினால், இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்போம். பார்க்கிற பக்கம் மாறினால் திசை மாறிவிடும். டீச்சர் தினமும் காலையில் பிள்ளைகளுக்கு எதிரே நின்று உடற்பயிற்சி செய்ய வைக்கிறாள். பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதைப் போல அவளைப் பார்த்துச் செய்யும். அதனால் "வலது கை" என்று சொல்லிக்கொண்டே தன் இடது கையைத் தூக்குவாள். எதிரே ஒரு முகம் இருந்தால் அவளுக்கு வலது என்பது எதிராளியின் வலது. பதினாறு வருஷமாக உடம்பில் ஊறிப்போனது.

புரிந்த அந்த நிமிஷத்திலேயே இன்னொன்றும் புரிந்தது. சொல்லாமல் விட்டால் போதும். சனிக்கிழமை அவள் தப்பாகத் திரும்புவாள், அடுத்த மாதம் வயது தாண்டிவிடும், டீச்சர் டீச்சராகவே இருப்பாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். எதிரே அவள் வெட்டின முடியோடு, அந்தக் கனத்த பூட்ஸில், விறைப்பாக நின்றுகொண்டு என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் அவள் அப்படிக் காத்து நின்று நான் பார்த்ததில்லை.

சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மாத்திக்க என்ன பண்றது?"

"என்னைப் பார்க்காதே. நீதான் நட்டுன்னு நினைச்சுக்க."

"நட்டா?"

"ஆமா. வலப்பக்கம்னா இறுகணும். இடப்பக்கம்னா கழலணும். யார் எதிர்ல நின்னா உனக்கென்ன? நட்டுக்கு ஆள் முகம் தெரியுமா?"

"நல்லா இருக்கு உங்க புத்தி" என்றாள். ஆனால் அன்று ராத்திரி வரை கூடத்தில், "வலம்னா இறுக்கு, இடம்னா கழற்று" என்று முணுமுணுத்தபடி திரும்பிக்கொண்டே இருந்தாள். மகளும் எழுந்து வந்து எதிரே நின்று கட்டளை போட்டாள். அம்மாவை அதட்ட வாய்ப்புக் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்.

சனிக்கிழமை நான் வேலிக்கு வெளியே நின்றேன். விசில்காரர் எதிரே நின்று சொல்லச் சொல்ல, அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வரிசை திரும்பியது, அவளும் வரிசையோடு திரும்பினாள். மறுபடி திரும்பியது, அவளும் கூடவே. மூக்கில் அடிபட்ட பெண் முதலில் பயந்து தள்ளி நின்றவள், பிறகு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். முடிந்ததும் விசில்காரர் கேட்டார், "என்னம்மா, வாய்க்குள்ள மந்திரமா?"

"இல்ல சார். பிளம்பிங்."

அவருக்குப் புரியவில்லை. தேறிவிட்டாள் என்று எழுதிக்கொண்டார். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால், அதைப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் அவளுக்குக் கடைசி நாள். பிள்ளைகள் கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று தலைமை ஆசிரியை என்னை வரச் சொல்லியிருந்தார். முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னத் தொட்டிகள் வரிசையாக இருக்கும் இடம் அது. வேலையை முடித்துவிட்டு ஸ்பேனரோடு எழுந்தேன். கூடத்தில் காலை உடற்பயிற்சி தொடங்கியிருந்தது. பிள்ளைகள் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, என்னைப் பார்த்தபடி, டீச்சர்.

"வலது கை மேலே" என்றாள். தன் வலது கையைத் தூக்கினாள்.

பிள்ளைகள் எல்லாரும் இடது கையைத் தூக்கினார்கள். அவள் நிறுத்திவிட்டு, "இல்ல கண்ணுகளா, வலது" என்றாள். மறுபடி வலது கையே எழுந்தது. சில பிள்ளைகள் கையை மாற்றினார்கள், சிலர் இரண்டையும் தூக்கினார்கள். முன் வரிசையில் ஒரு குட்டிப்பெண் திரும்பித் தன் தோழியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எந்தக் கை?" என்று கேட்டாள்.

டீச்சர் வாயைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. இறுக்கு, கழற்று என்று அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. இனி அவளுக்கு அந்தக் கண்ணாடிப் பழக்கம் வராது. இந்த வேலை அவள் உடம்பைவிட்டுக் கழன்றுவிட்டது. கழற்றியவன் நான்தான்.

அவள் பிள்ளைகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று அந்தக் கண் கேட்டது. இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்தது. ஸ்பேனரோடு என் வலது கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தபடியே, கண்ணாடியைப் போல, தன் இடது கையைத் தூக்கினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள்.

கையை இறக்கலாம் என்று டீச்சர் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. பிள்ளைகளோடு நானும் தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தேன்.