டிவிடி ரைட்டரைக் கழட்டின கிழமை

கம்ப்யூட்டர் திருத்துற கடைக்கு ஆரும் சிரிச்ச முகத்தோடை வாறதில்லை. அப்பிடி ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு வந்தால் அவர் பக்கத்துக் கடைக்கு வழி கேக்க வந்தவர். ஓர்ஸ் ஹில்லிலை கடை போட்ட நாளிலையிருந்து நான் பாக்கிறது இதைத்தான். அதிலையும் இந்த டிவிடி ரைட்டர் இருக்கே, அதை வைச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரே வருத்தம். டிவிடித் தட்டை விழுங்கும், கிர்கிர் எண்டு கொஞ்சநேரம் யோசிக்கும், பிறகு ஒண்டும் நடவாத மாதிரி வெளியிலை துப்பும். உங்களுக்கும் துப்பியிருக்கும். வாங்கோ, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கோ.

"இந்தக் காலத்திலை ஆர் பிள்ளை டிவிடி அடிக்கினம்?" எண்டு கேக்காதேங்கோ. கலியாண வீடியோக்காரர் அடிக்கினம், ஸ்கான் எடுக்கிற இடத்திலை குடுக்கினம், வழக்கெண்டால் கோட்டிலை கேக்கினம். எங்கடை பக்கத்திலை இருந்த ரைட்டர் எல்லாம் ஒண்டொண்டாச் செத்துப்போய், மிஞ்சினது என்ரை மேசையிலை இருந்த ஒண்டுதான். அது என்னைப் படுத்தின பாட்டைத்தான் சொல்லப்போறன்.

ஏத்தினது குற்றம்

மலர் அன்புவழிபுரத்துப் பிள்ளை. புருஷன் சிவா ஓட்டோ ஓடுறவர். உட்துறைமுகப் பக்கத்து வளைவிலை ஒரு பிள்ளை ஸ்கூட்டியிலை வந்து மணலிலை சறுக்கி விழுந்திட்டுது. பின்னாலை வந்த சிவா ஓட்டோவை நிப்பாட்டி, பிள்ளையைத் தூக்கி ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அங்கை ஓட்டோவிலை இரத்தத்தைக் கண்ட சனம், இவன்தான் அடிச்சுப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் எண்டு முடிவே கட்டிட்டுது. தலையிலை அடிபட்ட பிள்ளைக்கு ஒண்டும் ஞாபகமில்லை. பிள்ளையின்ரை தமையன் முறைப்பாடு குடுக்க, ஓட்டோவும் லைசனும் பொலிசுக்குப் போயிட்டுது.

நல்லகாலம், எதிரிலை இருந்த ஹாட்வெயார் கடைக் கமெராவிலை நடந்தது முழுக்க விழுந்திருந்தது. கடைக்காரர் அதைப் பென் டிரைவிலை ஏத்திக் குடுத்திட்டார். ஆனால் மலரின்ரை லோயர், "பென் சரிவராது, டிவிடியிலை அடிச்சுக் கொண்டுவாங்கோ, வெள்ளிக்கிழமை வழக்கு" எண்டு சொல்லிப்போட்டார். நான் அடிச்சு, என்ரை கம்ப்யூட்டரிலை ஓடவிட்டும் பாத்து, மேலை பேனையாலை பேரெழுதிக் குடுத்தன். காசெல்லாம் பிறகு பாப்பம், முதல் வழக்கு முடியட்டும் எண்டன்.

வாசல்வரைக்கும் போன மலர் திரும்பி வந்து சொன்னா: "அக்கா, ஓட்டோ பொலிசிலை நிக்குமட்டும் எங்கடை அடுப்பும் அங்கைதான் நிக்கும்."

கிளாக்கரின்ரை குப்பைக்கூடை

அடுத்தநாள் காலமை லோயரின்ரை கிளாக்கர் ஃபோன் எடுத்தார். "மிஸ், வெறுந்தட்டை அனுப்பியிருக்கிறியள்." எனக்கு ஏறிச்சுது பாருங்கோ கோவம்! நான் கண்ணாலை பாத்து அனுப்பினது எப்பிடி வெறுந்தட்டாகும்? உங்கடை மெஷின் பழுதாக்கும் எண்டன். இல்லையாம், காலமையும் வேறை வழக்கின்ரை டிவிடி போட்டுப் பாத்தவையாம், சோக்கா ஓடினதாம்.

அப்ப என்ரை ரைட்டர்தான் கள்ளன். சரி, அந்தத் தட்டைத் திருப்பி அனுப்புங்கோ, பாத்தால்தானே என்ன பிழை எண்டு தெரியும் எண்டு கேட்டன். மனிசன் அதை இரண்டா முறிச்சுக் குப்பையிலை போட்டிட்டார். நோயாளியைப் பாக்காமல் மருந்து குடு எண்டால் நான் என்ன செய்யிறது? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினன்.

அவர் எல்லாத்தையும் கேட்டிட்டுச் சாவகாசமாச் சொன்னார்: "வேலை செய்யாததை ஏன் மிஸ் வைச்சிருப்பான், இஞ்சை ஃபைல் வைக்கவே இடமில்லை."

ஓடிக்கொலோன் வைத்தியம்

அண்டைக்கு முழுக்க ரைட்டரோடை மல்லுக்கட்டினன். வேகத்தைக் குறைச்சன், வயரை மாத்தினன், வேறை கம்பனித் தட்டுப் போட்டன். கடைசியிலை மூடியைக் கழட்டிப் பாத்தால், உள்ளுக்கை லென்ஸிலை மெல்லிசாப் பனி மாதிரிப் புகார் படிஞ்சு கிடக்கு. கடற்காத்தின்ரை வேலை. இதாத்தான் இருக்கும் எண்டு மனம் ஆறிச்சுது.

அந்த நேரம் பாத்து வந்தார் பக்கத்து ஸ்ரூடியோ ஜெயம் அண்ணை. அவரிட்டை இருக்கிற மெஷின் டிவிடி படிக்கும், அடிக்காது. ஆனால் ரைட்டரைப் பற்றி அவருக்குத் தெரியாததெண்டு ஒண்டுமில்லை. "தள்ளு பிள்ளை" எண்டார். நான் பஞ்சும் திரவமும் எடுக்கத் திரும்பின அளவிலை, மனிசன் பொக்கற்றிலையிருந்து ஓடிக்கொலோன் செண்ட் போத்திலை எடுத்து, மூக்குத் துடைக்கிற லேஞ்சியை நனைச்சு லென்ஸை அழுத்தித் துடைச்சுப்போட்டார். லென்ஸ் கழண்டு ஒரு பக்கம் தொங்குது. அதுவரைக்கும் அரைகுறையா வேலை செய்த ரைட்டர் அதோடை கண்ணை மூடிட்டுது.

நான் தலையிலை கைவைச்சுக்கொண்டு நிக்க, அண்ணை மூக்கை உறிஞ்சிப்போட்டுச் சொன்னார்: "வாசம் நல்லாத்தானே பிள்ளை இருக்கு."

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு சாக்கு

உயிரோடை இருக்கிற ரைட்டருக்கு எங்கை போறது? விடிஞ்சதும் குறிஞ்சாக்கேணி நிசாம் நானாவுக்கு ஃபோன் அடிச்சன். அரசாங்கக் கந்தோர்களிலை கழிச்சுவிடுற கம்ப்யூட்டர்களை வாங்கிச் சாமான் சாமானாப் பிரிச்சு விக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும், அடிச்சுப் பிடிச்சுக்கொண்டு மோட்டச்சைக்கிளிலை வந்திட்டார். சாக்குக்குள்ளை ரைட்டருகளும், வீட்டுக்கெண்டு வாங்கின கருவாடும் ஒண்டாக் கிடந்தது.

முதல் எடுத்தது துறக்கவே இல்லை. ஊசியாலை குத்தித் துறந்தால் உள்ளுக்கை ஆரோ ஒருத்தரின்ரை கலியாணம் இருக்கு. அடுத்தது நல்லது. ஆகக் குறைஞ்ச வேகத்திலை, பால் காய்ச்சுற மாதிரிப் பக்கத்திலையே நிண்டு அடிச்சன். என்ரை கம்ப்யூட்டரிலை ஓடிச்சுது, ஜெயம் அண்ணையின்ரையிலையும் ஓடிச்சுது. மலரைக் கூப்பிட்டுக் கையிலை குடுத்து, நேரா லோயரிட்டைப் போ எண்டு அனுப்பினன்.

என்ரை பழைய ரைட்டரைத் திருப்பித் திருப்பிப் பாத்த நிசாம் நானா சொன்னார்: "இந்த உப்புக் காத்துல மனுசனே துருப்புடிச்சுப் போறான் தங்கச்சி, இது பாவம் என்ன செய்யும்?"

மலர் சொன்ன கதை

பின்னேரம் திரும்பவும் கிளாக்கர். "மிஸ், இதுவும் வெறுந்தட்டு." அடுத்தநாள் வழக்கு. இவ்வளவு காலத் தொழிலிலை ஒரு தட்டு இஞ்சை ஓடி, அங்கையும் ஓடி, இரண்டு தெரு தள்ளிப் போனதும் செத்ததை நான் கண்டதில்லை. இந்த முறை குப்பைக்கூடையைப் பற்றிக் கேக்கக்கூட மனம் வரேல்லை.

மலர் வந்து கதிரையிலை இருந்து அழத் துவங்கிட்டா. நான் பேசுறதையெல்லாம் விட்டிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். உண்மையாச் சொல்லுறன், எனக்குப் பயமாயிருந்தது. இரத்தத்தோடை கிடந்த ஒரு பிள்ளையைத் தூக்கின மனிசனை, என்ரை மேசையிலை இருக்கிற ஒரு தகரப்பெட்டி குற்றவாளி ஆக்கப்போகுது. ஓட்டோ போனாலும் பிறகு எப்பிடியும் உழைக்கலாம் எண்டு மலர் சொன்னா. அவவுக்குத் தாங்கேலாமல் இருந்தது வேறை ஒண்டு.

"இனி ரோட்டிலை ஆர் விழுந்து கிடந்தாலும் நான் திரும்பிப் பாக்கமாட்டன் எண்டு சொல்லுறார் அக்கா. அவர் அப்பிடிக் கதைக்கிற ஆளே இல்லை."

எது முகம்?

உடனை மூண்டாவது தட்டை அடிச்சன். கடையைப் பூட்டினன். "ஏறு ஸ்கூட்டியிலை, நானே கொண்டுவாறன்" எண்டன். கிளாக்கருக்கு முன்னாலை என்ரை கையாலை போட்டுப் பாக்கிறதெண்டு ஒரு வீம்பு.

பாதி வழியிலை மலர் தோளிலை தட்டினா. "அக்கா, அம்மன் கோயிலடியிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. இரண்டு தரமும் அர்ச்சனை செய்துதான் கொண்டுபோனனான்." சரி, கும்பிடட்டுமே எண்டு நானும் உள்ளுக்குப் போனன். பூத்தட்டிலை வெத்திலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவிலை டிவிடியை வெளியிலை எடுத்து வைச்சா, மினுங்குற பக்கம் மேலை பாக்க. ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார், அர்ச்சனை செய்தார். திருநீறு தூவினார். பிறகு நடு ஓட்டைக்குப் பக்கத்திலை சந்தனத்தை வடிவா அப்பி, அதிலை குங்குமமும் வைச்சார்.

நான் வாய் பிளந்துகொண்டு நிக்கிறன். டிவிடி நடுவிலை இருந்துதான் எழுதத் துவங்கும். குட்டி வீடியோ எண்டால் முழுக்க அந்த ஓட்டையைச் சுத்தித்தான் கிடக்கும். பொட்டு விழுந்தது சரியா அதுக்கு மேலை. அதோடை முடிஞ்சுதோ? மலர் சீலைத் தலைப்பை எடுத்து, திருநீறு சந்தனம் எல்லாத்தையும் சேத்து உரஞ்சித் துடைக்கிறா. பொட்டோடை கோட்டிலை குடுத்தால் மரியாதையில்லையாம். "அடி மலர்! நாசமாக்கிப்போட்டியே!" எண்டு நான் கத்தின கத்திலை ஐயர் அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்தை நிப்பாட்டிட்டார். அந்தப் பக்கத்திலைதானடி எல்லாம் இருக்கு, ஏனடி அதைத் திருப்பி வைச்சாய் எண்டு கேட்டன்.

மலர் திகைச்சுப்போய்ச் சொன்னா: "மற்றப் பக்கத்திலை நீங்கள் பேனையாலை எழுதியிருக்கிறியள். அப்ப அது முதுகு, இதுதானே அக்கா முகம்?"

வெள்ளிக்கிழமை

திரும்பிப் போய் இரண்டு அடிச்சன். அம்மனுக்குக் காட்டாமல் கோட்டுக்குக் கொண்டுபோக மலர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதாலை ஒண்டைப் பூத்தட்டிலை வைச்சம், மற்றது என்ரை பையை விட்டு அசையேல்லை. கிளாக்கர் போட்டார், ஓடிச்சுது. தலையை ஆட்டிக்கொண்டு, இந்தத் தட்டு நல்ல தட்டு எண்டு எனக்குச் சான்றிதழும் தந்தார்.

கோட்டிலை லாப்டொப்பிலை போட்டவை. ஸ்கூட்டி சறுக்குது. ஓட்டோ எங்கையோ பின்னாலை வருது. சிவா இறங்கி ஓடிவாறார், போட்டிருந்த சேட்டைக் கழட்டிப் பிள்ளையின்ரை தலையைச் சுத்திக் கட்டுறார், தூக்குறார். பாத்துக்கொண்டு நிண்ட தமையனுக்கு முகம் இருண்டுபோச்சு. முறைப்பாட்டைக் கைவிடுறன் எண்டு அவரே சொன்னார். வெளியிலை வந்து சிவாவின்ரை கையைப் பிடிச்சார். சிவா, "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" எண்டு மட்டும் கேட்டார். எனக்கும் கண் கலங்கிப்போச்சு, அதைச் சொல்ல என்ன வெக்கம்.

ஓட்டோ கைக்கு வந்த அண்டைக்கு முதல் சவாரி எனக்குத்தான். காசு வாங்கமாட்டன் எண்டிட்டார். பின்னாலை எனக்குப் பக்கத்திலை இருந்த மலர், பயந்து பயந்து கேட்டா: "இனி ரோட்டிலை ஆரும் விழுந்து கிடந்தால்?" சிவா கியரை மாத்தினார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "ஏத்துவன். ஆனால் ஏத்த முதல், மேலை கமெரா கிடக்கோ எண்டு ஒருக்காப் பாப்பன்."

ஆகவே, டிவிடி படிக்கேல்லை எண்டு ஆர் வந்தாலும் நான் இப்ப ஸ்க்ரூட்ரைவரை எடுக்கிறதில்லை, தட்டு வாற வழியிலை எந்தச் சாமியிட்டை இறங்கி வந்தது எண்டுதான் முதல் கேக்கிறன்.