வலையபட்டி ஆச்சி வீட்டுச் சிவப்புக் கார்

எனக்குக் கல்யாணமாகி காரைக்குடிக்கு வந்த புதிது. அறுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் தேவகோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கார் கொட்டகையைக் காலி பண்ணப் போகிறார்களாம், உள்ளே நிற்கும் பழைய வண்டியை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவரச் சொன்னார்களாம். பெரிய வீட்டைப் பார்க்கலாமே என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஒரு கோழி கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. டிரைவர் சீட்டில் முட்டைகள். இரண்டே பேர் உட்காரும் கார். மேலே கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளமாக நீண்டிருந்தது. தூசியைத் துடைத்தால் உள்ளே சிவப்பு. இவர் பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

செட்டியார் மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கொழும்பில் கடை வைத்திருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்துரையிடம் வாங்கியதாம். இந்த மாதிரி வண்டி கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே மிகக் குறைவாம்.

"மலைப் பந்தயத்துல ஓடி ஜெயிச்ச வண்டி தம்பி," என்று கூடத்தில் இருந்த வெள்ளிக் கோப்பையைக் காட்டினார். அதில் அவர் பெயர் வெட்டியிருந்தது.

"நீங்களா ஓட்டுனீக?" என்று இவர் வாயைப் பிளந்தார்.

செட்டியார் உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சரிபண்ண ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் இறுகிக் கிடந்தது, வயரையெல்லாம் எலி தின்றிருந்தது. பாடிக்குள் இருந்த மரச்சட்டம் கரையான் அரித்துத் தொட்டால் உதிர்ந்தது. நிலைக்கதவு செய்கிற ஆசாரி ஒருவர் தேக்கில் புதிதாக இழைத்துக் கொடுத்தார். கம்பிச் சக்கரங்களின் கோட்டத்தைச் சைக்கிள் கடையில் எடுத்தார்கள். கிடைக்காத பாகங்களை இவரே லேத்தில் கடைந்தார். சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தது நான். ஒரு பக்கம் பஞ்சு அதிகமாகப் போய், யார் உட்கார்ந்தாலும் இடது பக்கம் சரிந்தார்கள்.

ஓடத் தொடங்கியதும் முதலில் வலையபட்டிக்குத்தான் கொண்டுபோய்க் காட்டினோம். சத்தம் கேட்டு, கண்டாங்கிச் சேலையில் செட்டியாரின் மனைவி வெளியே வந்தார்கள். ஆச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து கியர் கம்பியைத் தொட்டார்கள்.

"ரெண்டாவது கியரு இன்னமும் முரண்டு பிடிக்குதா தம்பி?"

"ஆமா ஆச்சி. அது எப்படி ஒங்களுக்கு..."

செட்டியார் சத்தமாகச் சிரித்துவிட்டார். "இனிமே என்னத்துக்கு மறைக்க? பந்தயத்துக்குப் பேரைக் குடுத்துட்டேன். அன்னைக்குக் காலையில மலை ரோட்டைப் பார்த்ததும் நான் வண்டியை விட்டு இறங்கிட்டேன். என் கோட்டு, தொப்பி, கண்ணாடி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு இவதான் ஓட்டுனா. ஒருத்தனுக்கும் தெரியலை."

"பரிசு வாங்கப் போகையில கோப்பையைக் கீழ போடப் பாத்தீகளே, அதையும் சொல்லுங்க," என்றார்கள் ஆச்சி.

அந்தக் காலத்தில் பெண்கள் கணவரோடு கொழும்புக்குப் போவதே அபூர்வம். கடை ஆட்களுக்குத் தெரியாமல் செட்டியார்தான் மனைவிக்கு வண்டி ஓட்டப் பழக்கி, லைசென்ஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் மலைத்து நிற்கும்போதே ஆச்சி டிரைவர் சீட்டில் ஏறிவிட்டார்கள்.

"ஏறு ஆத்தா, ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம்."

பொன்னமராவதி ரோட்டில் புளியமரங்கள் பின்னால் ஓடின. என் கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. எதிரே வந்த பஸ்ஸில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. நான் பயத்தில் கத்துகிறேனா சந்தோஷத்தில் கத்துகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆச்சி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வருஷம் மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பழைய கார்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். ஆச்சியையே ஓட்டச் சொன்னோம். அவர்களுடைய கொழும்பு லைசென்ஸ் செல்லாது என்று அங்கே சொல்லிவிட்டதால் இவர் ஓட்டினார். ஏழு வண்டியில் ஆறாவதாக வந்தார். ஏழாவது வண்டி பாதியிலேயே புகைந்து நின்றுவிட்டது. பந்தயம் முடிந்துவந்த களைப்பிலும் இவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஆச்சிதான் விடவில்லை.

"வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சா எப்படித் தம்பி? அங்கனதான ஆக்ஸிலேட்டரை அழுத்தணும்!"

ஊர் திரும்பும்போது, "தள்ளி ஒக்காருங்க," என்று இவரைப் பக்கத்துச் சீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆச்சியே ஓட்டத் தொடங்கினார்கள். நானும் செட்டியாரும் வாடகைக் காரில் பின்னால் போனோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அந்தச் சிவப்புப் புள்ளி எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. செட்டியார் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"பயப்படாதே ஆத்தா. அவ பத்திரமாத்தான் ஓட்டுவா. பக்கத்துல ஒக்காந்திருக்கவுகதான் கண்ணை மூடிக்கிரணும்."

விழுப்புரத்தில் ஒரு காபிக் கடை வாசலில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. ஆச்சி உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் வேண்டாம், சோடா மட்டும் போதும் என்றார்.